கல்வெட்டு நாளும் கணினித் தேதியும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதிச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கல்வெட்டுகள் நாளைக் குறிக்கும்போது ஆட்சியாண்டு, ஞாயிற்று மாதம், பிறை, திதி, கிழமை, நாண்மீன் ஆகிய கூறுகளுள் பலவற்றை ஒருசேரத் தருகின்றன. கணினி நிரல்களோ நாளை ஒற்றை எண்ணாகச் சேமித்து, வேண்டும்போது படிக்கத்தக்க தொடராக மாற்றித் தருகின்றன. கல்வெட்டுச் செய்திகள் தரவுத்தளங்களாக மாறிவரும் இக்காலத்தில், முன்னது பின்னதாகப் பெயர்க்கப்படும்போது வரலாற்றுச் சான்றின் எப்பகுதி இழக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருக்கோவலூர், சேந்தமங்கலம், ஜம்பை ஆகிய இடங்களின் சான்றுகளும் கல்வராயன் மலைமக்களின் காலக் கணக்கும் ஆய்வுக்கு அடிப்படையாகின்றன.

திறவுச்சொற்கள்: ஆட்சியாண்டு, பசலி, யூனிகோடு, தேதி வடிவமைப்பு, கல்வராயன் மலை, வன உரிமை

1. முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. அந்நாள் தமிழ் நாட்காட்டியில் விகாரி ஆண்டு கார்த்திகை 10. திருவள்ளுவர் ஆண்டு 2050. கிராமக் கணக்கில் பசலி 1429. இந்திய தேசிய நாட்காட்டியில் சக ஆண்டு 1941, அக்ரஹாயணம் 5. ஒரே நாளுக்கு இத்தனை பெயர்கள் இருப்பினும் அலுவலகக் கணினியில் அது ஒரே எண்ணாகவே பதிவாகும். திரையில் தோன்றும் தொடர், அவ்வெண்ணிலிருந்து நிரல் எழுதித் தரும் வாசகமே.

நிகழ்கால நாள்களைப் பொறுத்தவரை இம்முறையில் இடரில்லை. ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று பிழையின்றித் திரும்பி வரலாம். பழங்காலச் சான்றுகளுக்கு இது பொருந்துமா என்பதே வினா. கல்வெட்டின் நாட்குறிப்பு ஒரு நாளின் பெயர் மட்டுமன்று. அந்நாளை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பதற்கான சான்றுத் தொகுப்பும் ஆகும். சான்றுத் தொகுப்பை விடையாக மாற்றிவிட்டு, விடையை மட்டும் வைத்துக்கொண்டால் பின்வரும் ஆய்வாளர் அவ்விடையைச் சரிபார்க்க இயலாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. கல்வெட்டில் நாள்

திருக்கோவலூரை ஒட்டிய கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் பல்லவர், சோழர், இராட்டிரகூடர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றிலும் இவற்றையொத்த பிற கல்வெட்டுகளிலும் நாட்குறிப்பு பெரும்பாலும் அரசன் பெயரோடு தொடங்கும். அரசனுக்கு ‘யாண்டு’ இத்தனை ‘ஆவது’ என்பது அடிப்படை வாய்பாடு. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் இதனோடு ஞாயிறு நிற்கும் இராசி, பூர்வ பக்கம் அல்லது அபர பக்கம், திதி, கிழமை, நாண்மீன் ஆகியன சேர்கின்றன. ‘மகர நாயற்று’ என்பது தை மாதத்தைச் சுட்டும். கிழமையும் திதியும் ‘பெற்ற’ இன்ன நாண்மீன் நாள் என்று தொடர் முடியும்.

இவ்வாய்பாட்டில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, ஆட்சியாண்டு ஓர் ஆங்கில ஆண்டுக்குள் அடங்குவதில்லை. முதலாம் இராசராசன் அரியணை ஏறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடைப்பட்ட நாள் என்று கீல்ஹார்ன் கணித்தார். எனவே அவனது 27ஆம் ஆட்சியாண்டு 1011ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1012ஆம் ஆண்டின் நடுவில் முடியும். வேறு கூறு எதுவுமில்லாத கல்வெட்டுக்கு 1011 என்றோ 1012 என்றோ எழுதுவது சான்று தராத துல்லியத்தைத் தானே சேர்ப்பதாகும்.

இரண்டாவது, ஆட்சியாண்டைக் குறிப்பது அரசியல் செயலும் ஆகும். 949இல் நிகழ்ந்த தக்கோலப் போரை ஒட்டிய காலத்தில் திருக்கோவலூர்ப் பகுதி மூன்றாம் கிருஷ்ணனின் ஆளுகைக்கு உட்பட்டது. அக்காலக் கல்வெட்டுகள் சோழனின் யாண்டை விடுத்துக் கன்னரதேவரின் யாண்டைக் குறிக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியிலுள்ள சேந்தமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட காடவர், சோழ அரசர் இருக்கும்போதே தம் பெயரால் ஆண்டு எண்ணினர். இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனின் ஆட்சியாண்டுகள் 1243ஐத் தொடக்கமாகக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. எவருடைய ஆண்டு எழுதப்பட்டது என்பது எவருடைய ஆட்சி ஏற்கப்பட்டது என்பதன் அடையாளம். அனைத்தையும் பொது ஆண்டாக மாற்றிய பட்டியலில் இவ்வடையாளம் மறைந்துவிடுகிறது.

மூன்றாவது, எல்லாச் சான்றுகளிலும் நாள் இருப்பதில்லை. திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் ‘சதியபுதோ’ எனக் குறிப்பதால் பெருஞ்சிறப்புப் பெற்றது. அதில் ஆண்டு எதுவும் இல்லை. எழுத்தமைதி கொண்டே அதன் காலம் மதிப்பிடப்படுகிறது. நாள் இல்லாமை, தெரிந்த நாளினின்று வேறான ஒரு தரவு. அதுவும் பதிவாக வேண்டும்.

3. கணிதமும் சரிபார்ப்பும்

கல்வெட்டு நாள்களைப் பொது ஆண்டுக்கு மாற்றும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முறைப்படுத்தப்பட்டது. இராபர்ட் சீவெலும் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் இணைந்து 1896இல் இந்திய நாட்காட்டி பற்றிய நூலை வெளியிட்டனர். பிரான்ஸ் கீல்ஹார்ன் சோழர் கல்வெட்டு நாள்களை ‘எபிகிராபியா இண்டிகா’ இதழில் தொடர்ந்து ஆராய்ந்தார். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூலையும், 1922இல் நாள்தோறுமான விரிவான அட்டவணைத் தொகுதிகளையும் வெளியிட்டார். தமிழகக் கல்வெட்டாய்வாளர் பல தலைமுறையாக இவற்றைச் சார்ந்தே இயங்கினர்.

இவர்களது முறையின் உயிர்நாடி, நாட்குறிப்பிலுள்ள மிகுதிக் கூறுகள். கிழமை ஏழு நாளுக்கு ஒருமுறை திரும்பும். நாண்மீன் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை. திதி ஏறத்தாழ 29½ நாளுக்கு ஒருமுறை. குறிப்பிட்ட ஞாயிற்று மாதத்தில் இவை மூன்றும் ஒன்றுகூடும் நாள் அரிது. ஆதலால் அரசன் யார் என்பது ஐயமாக இருந்தாலும் நாளை உறுதிசெய்ய இயன்றது. கூறுகள் முரண்பட்டால் பொறித்தவரின் பிழையோ படித்தவரின் பிழையோ வெளிப்பட்டது. ஒரு கூறு போதும் என்று கருதிப் பிறவற்றை விட்டிருந்தால் சோழர் காலநிரல் இன்றைய தெளிவை எட்டியிராது.

நாளை எண்ணாகக் கருதுவது நம் மரபுக்குப் புதிதன்று என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும். கலியுகத் தொடக்கம் முதல் கழிந்த நாள்களை எண்ணும் அகர்கணமே பஞ்சாங்கக் கணிதத்தின் முதற்படி. ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்க் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த வாக்கியங்களின் துணையால் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவுசெய்துள்ளார். எண்ணைச் சொல்லாகவும் சொல்லை எண்ணாகவும் மாற்றும் கலை அங்கு முழுமையாக இருந்தது. ஆயின், கணித எண் கோயிற்சுவரில் பொறிக்கப்படவில்லை. மக்கள் அறிந்த கூறுகளே பொறிக்கப்பட்டன.

4. ஓலை, பத்திரம், கிராமக் கணக்கு

ஓலைகளிலும் பிற்காலப் பத்திரங்களிலும் நாட்குறிப்பு சுருங்கியது. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, மேற்படிக்கு ௸ என்னும் குறிகள் வழங்கின. எண்ணை அடுத்து எக்குறி வருகிறதோ அதுவே எண்ணின் பொருளை உறுதிசெய்தது. இன்றைய பட்டியல்களில் 5-6-1921 என்பது ஜூன் ஐந்தா, மே ஆறா என்று எழும் குழப்பம் இக்குறிகள் வழங்கிய ஆவணத்தில் எழ வாய்ப்பில்லை. இக்குறிகள் 2003இல் வெளியான யூனிகோடு 4.0 பதிப்பில் இடம்பெற்றன. தமிழ்ச் சுழி எண் 2005இல் 4.1 பதிப்பில் சேர்ந்தது. ஆக, பழைய ஆவண வாசகத்தை உள்ளவாறே கணினியில் எழுத இன்று எழுத்துருத் தடை ஏதுமில்லை.

விசய நகர காலம் முதல் பரவலான அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர்கள் வேறுவகைச் சிக்கலைத் தருகின்றன. ‘விகாரி’ என்று மட்டும் எழுதிய ஓலை 1839, 1899, 1959 ஆகியவற்றுள் எந்த ஆண்டில் தொடங்கியதையும் குறிக்கலாம். சக ஆண்டும் சேர்ந்து எழுதப்பட்ட ஆவணத்தில் இவ்வையம் நீங்கும்.

வருவாய்த் துறையின் கிராமக் கணக்குகளில் பசலி ஆண்டு இன்றும் வழங்குகிறது. அது ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். ஜூலை முதல் டிசம்பர் வரை பொது ஆண்டிலிருந்து 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐயும் கழித்தால் பசலி கிடைக்கும். அடங்கல் பதிவில் உள்ள பசலி சாகுபடிப் பருவங்களை உள்ளடக்கிய ஓர் ஆண்டுக் கால அளவு. ஒரு தனிநாள் அன்று. அதனைப் பொது ஆண்டின் ஜனவரி 1 எனத் தரவுத்தளத்தில் இடுவது, பயிரின் காலத்தையே மாற்றிவிடும்.

5. நிரல் எழுதும் தேதி

கணினி நாளைக் கையாள்வதில் இரு படிகள் உள்ளன. ஒன்று சேமிப்பு, மற்றொன்று வெளிப்பாடு. பல அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கையாக நாளைச் சேமிக்கின்றன. பரிமாற்றத்துக்கு 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 தரம் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை வகுத்தது. வெளிப்பாட்டுக்கு வார்ப்புத் தொடர்கள் பயன்படுகின்றன. 1989இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியின் ‘ஸ்ட்ரெஃப்டைம்’ செயற்கூறில் விழுக்காட்டுக் குறியை அடுத்து வரும் ஓரெழுத்து, அவ்விடத்தில் நாளா, மாதப் பெயரா, ஆண்டா எது வரவேண்டும் என்பதைச் சுட்டும். ‘யாண்டு’, ‘ஆவது’, ‘நாயற்று’ என்னும் நிலையான சொற்களுக்கிடையே மாறும் எண்ணையும் பெயரையும் இட்டு நிரப்பிய கல்வெட்டு வாய்பாடும் அமைப்பில் இதனை ஒத்ததே.

மொழிதோறும் மாறும் மாதப் பெயர், கிழமைப் பெயர், வரிசை ஆகியவற்றை யூனிகோடு கூட்டமைப்பின் வட்டாரத் தரவுக் களஞ்சியம் தொகுத்து வழங்குகிறது. அதன்படி தமிழின் முழுவடிவத் தேதி ‘செவ்வாய், 26 நவம்பர், 2019’ என அமையும். தமிழ் உரைநடையில் இயல்பாக வரும் ‘2019 நவம்பர் 26ஆம் நாள்’ என்பதினின்று இது வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் தேதிக்கு முன்னே இடைச்சொல் வரும், தேதி மாறாது. தமிழில் வேற்றுமை உருபு இறுதியில் ஒட்டும்: நவம்பரில், மார்ச்சில், 26இல். சிலாவிய மொழிகளில் மாதப் பெயர் தனித்து வரும்போது ஒரு வடிவும் நாளோடு வரும்போது மற்றொரு வடிவும் பெறுவதால், களஞ்சியம் இருவகைப் பெயர்ப்பட்டியலுக்கும் இடம் தந்துள்ளது. ‘நாயிறு’ என்பது ‘நாயற்று’ எனத் திரிந்து நிற்கும் கல்வெட்டு வழக்கும் இத்தகையதே. தொடருக்குள் நிற்கும் தேதிக்குத் தனி வடிவம் வேண்டும் என்பதைக் கல்வெட்டு எழுதியோர் அறிந்திருந்தனர்.

ஆட்சியாண்டைக் கணினி கையாள இயலாது என்று கருதுவதும் தவறு. ஜப்பானில் 2019 மே 1 அன்று புதிய பேரரசருடன் ‘ரெய்வா’ ஊழி தொடங்கியது. அதற்கான ஒரேயொரு எழுத்தைச் சேர்ப்பதற்காக யூனிகோடு 12.1 பதிப்பு அதே மாதம் 7ஆம் நாள் வெளியானது. ஜப்பானிய ஊழியாண்டைப் பல நிரல்மொழிகள் இயல்பாகவே எழுதுகின்றன. ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஜப்பானிய ஊழியின் தொடக்க நாள் துல்லியமாகத் தெரியும். இரண்டாம் ஆண்டு முதல் ஜனவரி 1இல் ஆண்டு மாறும். சோழ அரசனின் ஆண்டு அவன் முடிசூடிய நாளில் மாறும். அந்நாளோ பெரும்பாலும் ஒரு கால எல்லையாகவே நமக்குத் தெரியும். ஆகவே இங்கு வேண்டுவது தெரிந்த எல்லையை எல்லையாகவே ஏற்கும் அமைப்பு.

6. பெயர்ப்பில் நிகழும் மூவகை இழப்பு

முதலாவது, எல்லை புள்ளியாகிறது. தேதிக்கான கட்டம் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் கட்டாயமாகக் கேட்டால் பதிவு செய்வோர் ஜனவரி 1ஐ இட்டு நிரப்புவர். சில ஆண்டுகள் கழித்து அது கல்வெட்டின் உண்மை நாளாகவே படிக்கப்படும். எக்செல் விரிதாளில் இடர் வேறுவகை: 1900க்கு முற்பட்ட நாளை அது தேதியாகவே ஏற்பதில்லை, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. வரிசைப்படுத்தும்போது அவை நாள்களாக அன்றி எழுத்துக்கோவைகளாகவே ஒழுங்குபடும்.

இரண்டாவது, நாட்காட்டி மாறிவிடுகிறது. கீல்ஹார்ன் முதலியோர் இடைக்காலக் கல்வெட்டுகளுக்குத் தந்த ஆங்கில நாள்கள் ஜூலியன் முறையைச் சார்ந்தவை. ஐ.எஸ்.ஓ. தரமும் பைத்தான் போன்ற நிரல்மொழிகளின் தேதி நூலகங்களும் 1582இல் வந்த கிரிகோரியன் முறையையே அதற்கு முற்பட்ட காலத்துக்கும் நீட்டிக் கணக்கிடுகின்றன. 985 ஜூன் 25 ஜூலியன் முறையில் வியாழக்கிழமை. நீட்டிய கிரிகோரியன் முறையில் சனிக்கிழமை. கல்வெட்டில் கிழமை இருந்து, அதனைத் தனியே பதிவு செய்திருந்தால் இம்முரண்பாடு உடனே புலப்படும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு 10ஆம் நூற்றாண்டில் 5 நாள். 11ஆம் நூற்றாண்டில் 6 நாள். 1100 மார்ச் முதல் 1300 பிப்ரவரி வரை அது சரியாக 7 நாள். ஏழு நாள் வேறுபாட்டில் கிழமை மாறாது. எனவே விக்கிரம சோழன் முதல் கோப்பெருஞ்சிங்கன் வரையிலான கல்வெட்டுகளில், கணினி தரும் கிழமை கல்வெட்டுக் கிழமையோடு பொருந்தும். நாளோ ஒரு வாரம் பிறழ்ந்திருக்கும். திதியையும் நாண்மீனையும் கொண்டு பார்த்தாலன்றி இப்பிழை வெளிப்படாது. நாட்குறிப்பின் எந்தக் கூறும் மிகை எனத் தள்ளத்தக்கதன்று என்பதற்கு இது தெளிவான சான்று.

மூன்றாவது, வெறுமை மதிப்பாகிறது. ஜம்பைக் கல்வெட்டைப் போல நாளில்லாச் சான்றுக்கு எண் சுழியாக இடப்பட்டால், வெளிப்பாட்டு நிரல் அதனை 1970 ஜனவரி 1 என அழகிய தமிழில் எழுதித் தரக்கூடும். தொடரின் செம்மை தரவின் செம்மைக்குச் சான்றாகாது.

7. மலையின் காலக் கணக்கு

இவ்வாய்வு பழங்கல்வெட்டோடு நிற்பதன்று. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் வாய்மொழி மரபு, தம் முன்னோராகிய சகோதரர் மூவர் காஞ்சிபுரத்திலிருந்து மலைகளுக்குச் சென்றதைக் கூறுகிறது. அதில் ஆண்டு இல்லை. முறைமையும் உறவும் உண்டு. மலை, சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்தது. 1976இல்தான் ஜாகிர் ஆதிக்கம் முழுமையாக முடிவுற்றதாகக் கொள்ளப்படுகிறது. சமவெளிக் கிராமங்களில் பசலிதோறும் தொடர்ந்த கணக்கு மரபுக்கு மலை நெடுங்காலம் வெளியே நின்றது. ஆதலால் இன்ன நிலத்தை இன்ன குடும்பம் எப்போதிலிருந்து உழுகிறது என்னும் வினாவுக்கு, ஒரு பெரியவரின் திருமணம், ஒரு பஞ்சம், ஒரு ஜாகிர்தாரின் காலம் ஆகியவற்றைச் சார்ந்தே விடை அமைய முடியும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் நில அனுபோகத்துக்கு 2005 டிசம்பர் 13 என்னும் எல்லை நாளை வகுத்தது. அந்நாளுக்கு முன் நிலம் அனுபவத்தில் இருந்ததை உரிமை கோருவோர் காட்டவேண்டும். இச்சட்டத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆம் விதி, அரசு ஆவணங்களோடு, வீடு முதலிய நிலையான அடையாளங்களையும், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றையும், வம்சாவளியையும், உரிமை கோருவோர் அல்லாத பெரியோரின் எழுத்தில் பதிந்த வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கருதவேண்டும் எனவும் அவ்விதி கூறுகிறது.

இவ்விதியும் கீல்ஹார்னின் முறையும் ஒரே அறிவுநெறியைச் சார்ந்தவை. தனித்து நின்றால் வலுவற்ற கூறுகள், ஒன்றையொன்று தாங்கும்போது உறுதியான காலத்தைத் தருகின்றன. ஆயின், இச்சான்றுகள் கணினிப் படிவத்தில் ‘அனுபவம் தொடங்கிய தேதி’ என்னும் ஒற்றைக் கட்டத்துக்குள் அடைக்கப்பட்டால் நிலைமை மாறும். பெரியவர் சொன்னது ‘என் மூத்த மகன் பிறப்பதற்கு முந்திய மழைக்காலம்’. படிவத்தில் ஏறுவது ஓர் ஆண்டின் ஜனவரி 1. பின்னர் வேறோர் ஆவணத்தில் வேறொரு நாள் காணப்பட்டால் வாக்குமூலமே பொய்யெனத் தோன்றும். முரண்பட்டது முதியவரின் நினைவு அன்று. படிவம் அவர் வாயில் திணித்த துல்லியமே. கல்வெட்டில் இத்தவறு நேர்ந்தால் ஒரு காலநிரல் பிறழும். இங்கு நேர்ந்தால் ஒரு குடும்பம் நிலத்தை இழக்கலாம்.

8. தரவுத்தளத்துக்கான நெறி

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு நெறிகள் பெறப்படுகின்றன. ஒன்று, மூலத்தின் நாட்குறிப்பை உள்ள சொற்களிலும் குறிகளிலும் மாற்றமின்றிப் பதிதல். இரண்டு, ஆட்சியாண்டு, மாதம், பக்கம், திதி, கிழமை, நாண்மீன் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் வைத்தல். இல்லாததை இல்லை என்றே குறித்தல். மூன்று, ஆய்வாளர் கணித்த பொது ஆண்டு நாளை ‘இதற்கு முன்னன்று’, ‘இதற்குப் பின்னன்று’ என்னும் இரு எல்லைகளாக, நாட்காட்டி முறையையும் கணித்தவர் பெயரையும் சேர்த்துப் பதிதல். நான்கு, திரையில் தோன்றும் தொடரை இவற்றிலிருந்து ஆக்கிக்கொள்ளுதல். அத்தொடரை ஒருபோதும் மூலமாகக் கொள்ளாமை.

இதற்கான கருவிகள் ஏற்கெனவே உள்ளன. கல்வெட்டுகளைக் குறியிடும் ‘எபிடாக்’ நெறியில் இரு எல்லைகளையும் எழுத இடமுண்டு. 2019இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601இன் இரண்டாம் பகுதி, ஐயத்துக்குரிய நாளையும் ஏறத்தாழ மதிப்பிட்ட நாளையும் கால எல்லையையும் குறிக்கும் வழிகளைத் தருகிறது. தமிழ்த் தரவுத்தளங்கள் இவற்றைத் தொடக்கத்திலேயே மேற்கொள்ளுதல் நலம். பதிவுகள் பெருகியபின் இழந்த கூறுகளை மீட்பதற்கு ஒவ்வொரு கல்வெட்டையும் மீண்டும் படிக்க வேண்டியிருக்கும்.

9. முடிவுரை

கல்வெட்டு எழுதியவரும் நிரல் எழுதுபவரும் நாளைப் படிக்கத்தக்க தொடராக்கும் பணியையே செய்கின்றனர். முன்னவரின் தொடரில் சான்று அனைத்தும் அடங்கியிருந்தது. பின்னவரின் தொடர் சேமித்த எண் எதைத் தருகிறதோ அதை மட்டுமே சொல்லும். ஆகவே திருக்கோவலூர்க் கல்வெட்டாயினும் கல்வராயன் மலை முதியவரின் வாக்குமூலமாயினும், எண்ணாக்கும் முன் அதன் கூறுகளைக் காத்துவைப்பது ஆய்வாளரின் கடமையாகிறது. கீழையூர் முதலிய தொகுதிகளின் நாட்குறிப்புகளை மேற்சொன்ன நால்வகைக் கட்டங்களில் பகுத்து, இதுவரை வெளியான கணிப்புகளை ஜூலியன், கிரிகோரியன் முறைகளில் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.